லினக்ஸ் வீட்டுக் கணினியில் வலையமைப்பு இடைமுகமும் கணினிப் பெயரும்

வலையமைப்பு இடைமுகம் என்பது ஒரு கணினி பிற கணினிகளுடன் தரவைப் பரிமாறிக்கொள்ளும் வாயில் ஆகும். கணினிப் பெயர் அல்லது புரவலன் பெயர் என்பது வலையமைப்பில் அக்கணினியை அடையாளம் காட்டும் பெயர் ஆகும். லினக்ஸ் இயங்குதளத்தில் இவை இரண்டும் தனித்தனியே அமைக்கப்படுகின்றன. முகவரி இடைமுகத்துக்கு உரியது. பெயர் கணினிக்கு உரியது. கம்பி இணைப்பும் வைஃபையும் உள்ள ஒரு மடிக்கணினிக்கு ஒரே நேரத்தில் இரண்டு முகவரிகள் இருக்கலாம், ஆனால் பெயர் ஒன்றே. வீட்டுக் கணினிகளில் ஏற்படும் வலையமைப்புச் சிக்கல்களில் சில இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை.

இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் கிருட்டிணகிரி மாவட்டத்தின் ஓசூர்ப் பகுதியை ஒட்டியவை. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில், கர்நாடக எல்லையை ஒட்டி அமைந்த இந்நகரில் சிப்காட் தொழிற்பேட்டைகளும் அவற்றைச் சார்ந்த எண்ணற்ற சிறு பட்டறைகளும் உள்ளன. மாலையில் வீட்டு இணையத்தில் இணையும் கணினியே பகலில் ஓர் எந்திரத்தின் கட்டுப்பாட்டுக் கருவியுடன் கம்பியால் இணைக்கப்படுவது இங்கு அரிதன்று. எனவே ஒரு கணினிக்கு இரண்டு இடைமுகங்கள் என்பது இங்கே ஏட்டளவில் நிற்கும் கருத்து அல்ல.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கு ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும். அமைப்பை மாற்றும் கட்டளைகளுக்கு முன்னால் 'சூடோ' என்பதைச் சேர்த்து, கடவுச்சொல் தர வேண்டும். பார்வையிட மட்டும் உதவும் கட்டளைகளுக்கு அது தேவையில்லை.

இடைமுகங்கள்

'ஐபி லிங்க்' என்ற கட்டளை கணினியில் உள்ள இடைமுகங்கள் அனைத்தையும் பட்டியலிடும். பழைய நூல்களில் 'இஃப்கான்ஃபிக்' என்ற கட்டளையே காணப்படும். 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யுனிக்ஸிலிருந்து வந்த அக்கட்டளை லினக்ஸில் நெடுங்காலம் வழக்கில் இருந்தது. 2017-இல் வெளியான டெபியன் 9 முதல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. கட்டளை காணப்படவில்லை என்ற செய்தி வந்தால் கணினியில் குறை ஏதும் இல்லை. கையில் உள்ள நூல் பழையது என்பதே பொருள்.

பட்டியலின் முதல் வரியில் 'எல்ஓ' என்ற இடைமுகம் இருக்கும். இதற்கு வன்பொருள் கிடையாது. கணினி தனக்குத் தானே பேசிக்கொள்வதற்கான இதன் முகவரி 127.0.0.1 ஆகும். உண்மையில் 127 எனத் தொடங்கும் 1,67,77,216 முகவரிகளும் இப்பயன்பாட்டுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. இணையம் வளரும் முன்பு வகுத்த தாராளமான பங்கீடு அது.

அடுத்த வரிகளில் கம்பி அட்டை, வைஃபை அட்டை ஆகியன வரும். ஒவ்வொன்றின் கீழும் இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்ட 12 பதினறும இலக்கங்கள் தெரியும். இது 48 பிட்டு நீளமுள்ள வன்பொருள் முகவரி ஆகும். இதன் முன்பாதி பொதுவாக உற்பத்தியாளரைக் குறிக்கும். பின்பாதி அட்டைக்கு உரியது. கணினிக்கு நாம் வைக்கும் பெயரை மாற்றினாலும், வீடு மாறினாலும் அட்டையில் பதிந்த இம்முகவரி மாறாது. இந்த நிலைத்தன்மை பின்னால் பயன்படும்.

இடைமுகங்களின் பெயர் மாற்றம்

2010-களின் தொடக்கம் வரை லினக்ஸில் முதல் கம்பி இடைமுகம் 'ஈத்0' என்றும் முதல் வைஃபை இடைமுகம் 'வ்லான்0' என்றும் அழைக்கப்பட்டன. நினைவில் வைக்க எளிய பெயர்கள். ஆனால் அட்டைகளைக் கருனி எந்த வரிசையில் கண்டுபிடிக்கிறதோ அந்த வரிசையிலேயே எண்கள் அமைந்தன. இரண்டு கம்பி அட்டைகள் கொண்ட கணினியில் இன்று 0 ஆக இருந்தது, மறுமுறை இயக்கும்போது 1 ஆகிவிட வாய்ப்பிருந்தது.

2013 சனவரியில் வெளியான சிஸ்டம்டி 197-ஆம் பதிப்பு இதற்கு மாற்றாக, அட்டை பொருத்தப்பட்ட இடத்தைக் கொண்டு பெயரிடும் முறையை அறிமுகப்படுத்தியது. 'ஈஎன்பி3எஸ்0' என்பதில் 'ஈஎன்' கம்பி இணைப்பையும், 'பி3' மூன்றாம் பிசிஐ தடத்தையும், 'எஸ்0' அதில் உள்ள செருகிடத்தையும் குறிக்கும். வைஃபை எனில் தொடக்க எழுத்துகள் 'டபிள்யூஎல்' ஆக இருக்கும். யுஎஸ்பி வழி இணைக்கும் அட்டைகள் பலவற்றுக்கு வன்பொருள் முகவரியே பெயராக அமைவதால் அவை மிக நீளமாகத் தோன்றும்.

இம்முறை நிலையான பெயரைத் தரும் என்று பல பக்கங்களில் எழுதப்பட்டுள்ளது. அது பாதி உண்மை. பெயர் நிலைப்பது வன்பொருள் அமைப்பு மாறாத வரையில்தான். ஒரு வரைகலை அட்டையையோ புதிய திண்மநிலை வட்டையோ தாய்ப்பலகையில் சேர்த்தால் தடங்களின் எண்கள் நகர்ந்து, 'ஈஎன்பி3எஸ்0' என்பது 'ஈஎன்பி4எஸ்0' ஆகக்கூடும். அப்போது, டெபியன் வழியிலான பழைய முறைப்படி '/இடிசி/நெட்வொர்க்/இன்டர்ஃபேசஸ்' கோப்பில் முகவரியை எழுதி வைத்திருந்தால் கணினி வலையமைப்பை இழக்கும். கோப்பில் எழுத்துப்பிழை இராது. கம்பியும் சரியாக இருக்கும். கோப்பு குறிப்பிடும் இடைமுகம் மட்டும் அக்கணினியில் இராது. வட்டை மாற்றியதற்கும் இணையம் போனதற்கும் தொடர்பு உண்டென்று யாருக்கும் எளிதில் தோன்றாது என்பதால் இச்சிக்கலில் பல மணி நேரம் வீணாவதுண்டு. இணையம் இல்லாதபோது விடையை இணையத்தில் தேடவும் முடியாது.

தீர்வு எளியது. '/இடிசி/சிஸ்டம்டி/நெட்வொர்க்' அடைவில் 'லிங்க்' என முடியும் பெயருடைய ஒரு சிறு கோப்பை உருவாக்கி, இன்ன வன்பொருள் முகவரி உள்ள அட்டைக்கு இன்ன பெயர் என்று எழுதிவிடலாம். 'கம்பி' என்பதன் ஆங்கில எழுத்து வடிவைக்கூடப் பெயராக வைக்கலாம். 15 எழுத்துகளுக்கு மிகாதிருக்க வேண்டும். 'ஈத்0' போன்ற பெயர்களைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் கருனி தானே வழங்கும் பெயருடன் அவை மோதும்.

முகவரியும் வலைமறைப்பும்

வீட்டு வலையமைப்புகளில் பெரும்பாலும் 192.168 எனத் தொடங்கும் தனியார் முகவரிகளே பயன்படுகின்றன. 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் 10 எனத் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை, 192.168 எனத் தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளை இதற்கென ஒதுக்கியது. ஓசூரில் ஒரு வீட்டிலும் யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டிலும் ஒரே நேரத்தில் 192.168.1.5 இருக்கலாம், மோதல் இல்லை. திசைவி அம்முகவரியை வெளி இணையத்துக்குக் கொண்டு செல்வதில்லை.

முகவரியை அடுத்து வரும் '/24' என்ற குறியீடு புதியவர்களைக் குழப்புவது. அஞ்சல் குறியீட்டு எண்ணை நினைத்துப் பார்த்தால் விளங்கும். கிருட்டிணகிரி 635001, ஓசூர் 635109. முதல் மூன்று இலக்கங்கள் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒரே பிரிப்பு மாவட்டத்தைச் சேர்ந்தவை என்று அஞ்சல் ஊழியர் அறிவார். கடைசி மூன்று இலக்கங்கள் அதற்குள் உள்ள அலுவலகத்தைக் காட்டுகின்றன. அதுபோல் '/24' என்பது முகவரியின் 32 பிட்டுகளில் முதல் 24, அதாவது முதல் மூன்று எண்கள், வலையமைப்பைக் குறிக்கின்றன என்று சொல்கிறது. 192.168.1.5/24 என்ற கணினிக்கு, 192.168.1 எனத் தொடங்கும் எல்லாமே ஒரே தெருவில் உள்ள வீடுகள். நேரடியாகச் சென்று தட்டலாம். மற்றவற்றுக்கு நுழைவாயிலான திசைவியிடம் பொதியை ஒப்படைக்க வேண்டும்.

வழக்கமாக முகவரி, மறைப்பு, நுழைவாயில், பெயர்த்தீர்வு வழங்கி ஆகிய நான்கையும் திசைவியே டிஎச்சிபி நெறிமுறை வழியாக வழங்கிவிடும். இம்முகவரி குத்தகைக்குத் தரப்படுவது. மின்தடைக்குப் பிறகு சில திசைவிகள் வேறு முகவரி தருவதுண்டு. அச்சுப்பொறிக்கும் கோப்புப் பகிர்வுக்கும் பயன்படும் கணினிக்கு முகவரி மாறாதிருக்க வேண்டுமெனில், கணினியில் எதையும் தொடாமல், திசைவியின் அமைப்புப் பக்கத்தில் அதன் வன்பொருள் முகவரிக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைப்பதே சிறந்தது. கணினியிலேயே நிலையான முகவரி எழுதுவோர் அது திசைவி குத்தகைக்கு விடும் எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்று பார்க்கத் தவறுவதால், ஒரே முகவரி இரு கருவிகளுக்கு அமைந்து இரண்டுமே விட்டுவிட்டு இயங்கும்.

தற்காலிக அமைப்பும் நிலையான அமைப்பும்

'ஐபி' கட்டளையால் செய்யும் எந்த மாற்றமும் கருனியின் நினைவகத்தில் மட்டுமே இருக்கும். கணினியை மறுபடி இயக்கினால் அழிந்துவிடும். இதைக் குறை என்று கருத வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்க இதைவிடப் பாதுகாப்பான வழி இல்லை.

நிலையான அமைப்பு எங்கே எழுதப்படுகிறது என்பது வழங்கலைப் பொறுத்தது. மேசைக்கணினி வழங்கல்களில் பெரும்பாலானவை 2004-இல் ரெட் ஹேட் தொடங்கிய நெட்வொர்க்மேனேஜரைப் பயன்படுத்துகின்றன. உபுண்டு 17.10 முதல் நெட்பிளான் என்ற அடுக்கும் உண்டு. டெபியனின் வழங்கி நிறுவல்களில் மேற்சொன்ன 'இன்டர்ஃபேசஸ்' கோப்பு இன்றும் வழக்கில் உள்ளது. ஒரே இடைமுகத்தை இரண்டு மென்பொருள்கள் ஆள முயல்வதே கேடு. வரைகலைச் சாளரத்தில் செய்த மாற்றம் பலிக்கவில்லை எனில், அவ்விடைமுகம் 'இன்டர்ஃபேசஸ்' கோப்பிலும் இடம்பெற்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடம்பெற்றிருந்தால் நெட்வொர்க்மேனேஜர் டெபியனில் அதனைத் தொடாமல் விட்டுவிடும்.

கட்டுப்பாட்டுக் கருவியுடன் இணைத்தல்

ஓசூர், பர்கூர்ப் பகுதிகளின் பல்தொழில்நுட்ப மாணவரும் பட்டறைப் பணியாளரும் பிஎல்சி எனப்படும் நிரல்படு கட்டுப்படுத்தியுடன் பழக வேண்டியுள்ளது. உற்பத்தியாளர்களின் நிரலாக்க மென்பொருள்கள் பெரும்பாலும் விண்டோசுக்கே கிடைக்கின்றன. எனினும் கருவியின் உள்ளமைந்த வலைப்பக்கத்தைத் திறக்கவும், மோட்பஸ் நெறிமுறையில் அதன் மதிப்புகளைப் படிக்கவும் லினக்ஸ் போதும். கருவி இல்லாதவர் ஓப்பன்பிஎல்சி என்ற கட்டற்ற மென்பொருளை ராசுபெரி பை போன்ற சிறு கணினியில் இயக்கி, அதையே கட்டுப்படுத்தியாகக் கொண்டு பயிலலாம். எதுவாயினும் வலையமைப்புப் பகுதி ஒன்றே.

இத்தகைய கருவிகளுக்குப் பொதுவாக நிலையான முகவரி தரப்பட்டிருக்கும். கணினியிலிருந்து நேரே ஒரு கம்பியைச் செருகினால் டிஎச்சிபி வழங்க அங்கு யாரும் இல்லை. கணினி சற்று நேரம் காத்திருந்துவிட்டு இணைப்பு இல்லை என்று கூறும், அல்லது 169.254 எனத் தொடங்கும் முகவரியைத் தானே சூட்டிக்கொள்ளும். கருவியின் முகவரி 192.168.7.10 எனக் கொள்வோம். அப்போது 'ஐபி அட்ரஸ் ஆட் 192.168.7.50/24 டெவ் ஈஎன்பி3எஸ்0' என்ற கட்டளை கணினியின் கம்பி இடைமுகத்தை அதே தெருவில் குடியேற்றும். பின்னர் 'பிங் 192.168.7.10' எனத் தந்தால் கருவி விடையளிக்க வேண்டும். இன்றைய அட்டைகளுக்குக் குறுக்குக் கம்பி தேவையில்லை. சாதாரணக் கம்பியே போதும். கட்டளையால் சேர்த்த முகவரி சற்று நேரத்தில் மறைந்தால் நெட்வொர்க்மேனேஜர் அவ்விடைமுகத்தில் டிஎச்சிபியைத் தேடி ஓய்ந்து இணைப்பை முறித்துவிட்டது என்று பொருள். அதன் சாளரத்திலேயே கம்பி இணைப்புக்கு 'கைமுறை' என்பதைத் தெரிந்து அதே முகவரியை எழுத வேண்டும்.

இங்கே இரண்டு பிழைகள் மிக அடிக்கடி நேர்கின்றன.

முதலாவது, நுழைவாயில் என்ற கட்டத்தை நிரப்பிவிடுவது. படிவத்தில் கட்டம் இருப்பதால் கருவியின் முகவரியையே அதில் எழுதிவிடுகின்றனர். நெட்வொர்க்மேனேஜர் வைஃபையைவிடக் கம்பி இணைப்புக்கு முன்னுரிமை தருவது. கம்பியில் ஒரு நுழைவாயில் உண்டென்று கூறியதும் உலக இணையத்துக்கான பொதிகள் அனைத்தையும் அவ்வழியே அனுப்பத் தொடங்கும். மறுமுனையில் இருப்பதோ ஒரு கட்டுப்படுத்தி. அது அவற்றை எங்கும் கொண்டு செல்லாது. வைஃபை குறியீடு முழுமையாகத் தெரிய, எந்த வலைப்பக்கமும் திறக்காது. கம்பியைப் பிடுங்கினால் இணையம் திரும்பும். நுழைவாயில் கட்டத்தைக் காலியாக விட்டால் இச்சிக்கல் எழாது. 'ஐபி ரூட்' கட்டளையில் 'டிஃபால்ட்' எனத் தொடங்கும் வரி எந்த இடைமுகத்தைக் காட்டுகிறது என்று பார்த்தால் நோய் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது பிழை நுட்பமானது. வீட்டுத் திசைவியும் 192.168.1 தொகுதியில் உள்ளது, கருவியும் 192.168.1 தொகுதியில் உள்ளது என்றால், கணினிக்கு ஒரே பெயருள்ள தெரு இரண்டு வாசல்களிலும் தெரிகிறது. திசைவியின் 192.168.1.1 முகவரியைத் தேடும் பொதி கம்பி வழியே சென்று தொலையும். பெயர்த்தீர்வும் திசைவியிடமே இருப்பதால் இணையம் முழுவதும் நின்றுபோகும். வலைமறைப்பைச் சுருக்கியோ குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும் தனி வழி எழுதியோ இதைச் சமாளிக்க முடியும். ஆயினும் வீட்டுத் திசைவியின் தொகுதியை 192.168.83 போன்ற வழக்கமில்லாத எண்ணுக்கு மாற்றிவிடுவதே நிலையான தீர்வு. அதை ஒருமுறை செய்தால் போதும். பட்டறைக் கருவியின் முகவரியை மாற்றச் சொல்லிக் கேட்பதைவிட இது எளிது.

பயிற்சிக் கருவியில் செய்வதை இயங்கும் உற்பத்திப் பிரிவில் செய்தல் ஆகாது. அங்குள்ள இணைப்பு மாற்றியில் கணினியைச் செருகி, தோன்றிய முகவரியைச் சூட்டினால், அது ஏற்கெனவே ஒரு கட்டுப்படுத்திக்கோ திரைக்கோ உரியதாக இருக்கக்கூடும். அக்கருவியின் தொடர்பு அறுந்து எந்திரம் நிற்கலாம். பொறுப்பாளரின் ஒப்புதலுடன் இணைக்கும்போதும், 'ஆர்ப்பிங்' கட்டளையை இரட்டை முகவரி சோதிக்கும் தெரிவுடன் இயக்கி, அம்முகவரி காலியாக உள்ளதா என அறிந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். அணைத்து வைக்கப்பட்ட கருவி இச்சோதனைக்கு விடையளிக்காது என்பதையும் கருத வேண்டும்.

கணினிப் பெயரின் விதிகள்

அர்ப்பாநெட் காலத்தில் வலையமைப்பில் இருந்த எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் தலைமையிலான தகவல் மையம் அதனைப் பேணிவந்தது. கணினிகள் பெருகியதால் அம்முறை தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிசு களப் பெயர் முறைமையை வகுத்தார். லினக்ஸ் கணினிகளில் உள்ள '/இடிசி/ஹோஸ்ட்ஸ்' கோப்பு அந்தப் பழைய பொதுக் கோப்பின் வாரிசே.

பெயரில் ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், இணைப்புக்குறி ஆகியவையே இடம்பெறலாம் என்பது 1985-இல் வெளியான ஆர்எஃப்சி 952 வகுத்த விதி. இலக்கத்தில் தொடங்கலாம் என்ற தளர்வை 1989-இல் ஆர்எஃப்சி 1123 அளித்தது. பெயர் இணைப்புக்குறியில் தொடங்கவோ முடியவோ கூடாது. அடிக்கோடும் இடைவெளியும் ஆகா. லினக்ஸ் 64 எழுத்துகள் வரை ஏற்றாலும் களப் பெயரின் ஒரு பகுதி 63 எழுத்துகளைத் தாண்டக் கூடாது என்பதால் 63-ஐயே வரம்பாகக் கொள்ளலாம். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே கருதப்படும்.

பல கணினிகள் உள்ள இடத்தில் ஒரு வகையைச் சேர்ந்த பெயர்களைச் சூட்டுவது பழைய யுனிக்ஸ் மரபு. ஊர்ப்பெயர்கள் இதற்கு ஏற்றவை: தளி, பர்கூர், மத்தூர், அஞ்செட்டி, கெலமங்கலம். எழுத்துக்கூட்டலை மட்டும் முன்னதாக முடிவு செய்துகொள்ள வேண்டும். தமிழில் ஓசூர் என்று எழுதும் ஊர் ஆங்கிலத்தில் 'எச்' என்ற எழுத்தில் தொடங்குகிறது. ஒருவர் அவ்வெழுத்தை இட்டும் மற்றொருவர் இடாமலும் எழுதினால் கணினிக்கு அவை இரு வேறு பெயர்கள். தமிழ்நாட்டு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி 2020 சூனில் வெளியிட்ட ஆணை சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. மக்களிடையே முடிவாகாத இச்சிக்கல் கணினியிலும் முடிவாகாது. எனவே ஒரே விதமாக மட்டுமே எழுதத்தக்க குறும்பெயர்கள் நல்லவை.

தமிழில் பெயர் வைத்தல்

மேற்கண்ட விதியின்படி தமிழ் எழுத்துகளால் கணினிப் பெயர் அமைக்க முடியாது. இணையக் களப் பெயர்களில் தமிழ் உள்ளதே எனக் கேட்கலாம். '.இலங்கை', '.சிங்கப்பூர்', '.இந்தியா' ஆகிய உயர்நிலைக் களங்கள் 2010-11 காலத்தில் ஒதுக்கப்பட்டன. ஆனால் வழங்கிகளுக்கிடையே அவை தமிழாகச் செல்வதில்லை. 2003-இல் வரையறுக்கப்பட்ட பியூனிகோடு என்ற மாற்றுமுறை அவற்றை, 'எக்ஸ்என்' என்ற எழுத்துகளும் இரண்டு இணைப்புக்குறிகளும் முன்னிற்க, ஆங்கில எழுத்துத் தொடராக மாற்றுகிறது. உலாவி அதைத் தமிழில் காட்டுகிறது. முனையத்தில் அந்த உதவி கிடைக்காது. பியூனிகோடு வடிவைக் கணினிப் பெயராக வைக்கத் தடையில்லை எனினும் அதை எவரும் படிக்க முடியாது.

ஆயினும் தமிழுக்கு ஓரிடம் உண்டு. சிஸ்டம்டி ஒரு கணினிக்கு மூன்று பெயர்களை வைத்திருக்கிறது. முதலாவது '/இடிசி/ஹோஸ்ட்நேம்' கோப்பில் உள்ள நிலைப்பெயர். இரண்டாவது வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகப் பெறத்தக்க பெயர். மூன்றாவது மாந்தர் படிப்பதற்கான அழகுப்பெயர். மூன்றாவதில் ஒருங்குறி எழுத்துகள் அனைத்தும் செல்லும். 'ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்' கட்டளையுடன் 'பிரெட்டி' என்ற தெரிவையும் தந்து, மேற்கோள் குறிகளுக்குள் 'மாடியறைக் கணினி' என்று எழுதினால் அது '/இடிசி/மெஷின்-இன்ஃபோ' கோப்பில் சேமிக்கப்படும். புளூடூத் தேடலில் இப்பெயர் தெரிவதுண்டு. நிலைப்பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாகவும் அழகுப்பெயரைத் தமிழில் விரும்பியவாறும் வைக்கலாம். தமிழ் இடைமுகம் பற்றி எழுதுவோர்கூட அதிகம் குறிப்பிடாத வசதி இது.

பெயர் எழுதப்படும் இடங்கள்

கணினியின் பெயரை மாற்ற 'ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம் பர்கூர்' என்ற ஒரு கட்டளை போதும். 'ஹோஸ்ட்நேம் பர்கூர்' என்று மட்டும் தந்தால் அது 'ஐபி' கட்டளையைப் போலத் தற்காலிகமானது.

டெபியன், உபுண்டு வழியிலான வழங்கல்களில் இன்னொரு படி உண்டு. நிறுவும்போதே '/இடிசி/ஹோஸ்ட்ஸ்' கோப்பில் 127.0.1.1 என்ற முகவரிக்கு நேரே அன்றைய பெயர் எழுதப்பட்டிருக்கும். மேற்கண்ட கட்டளை இவ்வரியைத் தொடுவதில்லை. பழைய பெயர் அங்கேயே இருக்க, கணினி தன் புதிய பெயருக்குரிய முகவரியைத் தன்னிடமே கேட்டு விடை பெறாது நிற்கும். 'சூடோ' ஒவ்வொரு முறையும் புரவலனின் பெயரைத் தீர்க்க இயலவில்லை என்று முணுமுணுப்பது இதனால்தான். பெயர்த்தீர்வு வழங்கி விடையளிக்கும் வரை சில நொடிகள் தாமதமும் ஏற்படலாம். பலர் இயங்குதளத்தையே மறுபடி நிறுவும் அளவுக்குச் செல்கின்றனர். அவ்வரியில் பழைய பெயரை அழித்துப் புதிய பெயரை எழுதினால் முடிந்தது. அதற்கு மேலுள்ள 127.0.0.1, 'லோக்கல்ஹோஸ்ட்' வரியை அழிக்கக் கூடாது. சில வழங்கல்களில் கணினி தன் சொந்தப் பெயரைத் தானே தீர்த்துக்கொள்ளும் ஒரு கூறு இணைக்கப்பட்டிருப்பதால் அங்கு இச்சிக்கல் தோன்றாது.

இவ்வாறு வைத்த பெயர் வீட்டின் பிற கணினிகளுக்குத் தானாகத் தெரிந்துவிடாது. அவகி என்ற மென்பொருள் நிறுவப்பட்டிருந்தால், பெயரின் பின் '.லோக்கல்' சேர்த்து அழைக்கலாம். அழைக்கும் கணினி அப்பெயர் யாருடையது என வலையமைப்பு முழுவதையும் கேட்க, உரியது விடையளிக்கும். பெயர்த்தீர்வு வழங்கி தேவையில்லை. முகவரி மாறினாலும் பெயர் மாறாதிருப்பதால், மின்தடைக்குப் பின் கோப்புப் பகிர்வைத் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

ஒரே பெயருடைய கணினிகள்

தமிழ்நாட்டில் லினக்ஸ் பரவலுக்கு அரசுத் திட்டங்கள் காரணமாயின. 2000-களின் பிற்பகுதியில் தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் சூசி லினக்ஸை ஊக்குவித்தது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகளில் விண்டோசுடன், சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸும் வழங்கப்பட்டது. பல மாணவர் வீடுகளில் நுழைந்த முதல் லினக்ஸ் அதுவாகவே இருந்திருக்கும்.

பள்ளி ஆய்வகத்திலோ வீட்டிலோ பல கணினிகளில் ஒரே வட்டுப் படியிலிருந்து இயங்குதளத்தைப் படியெடுத்து நிறுவும்போது எல்லாம் ஒரே கணினிப் பெயரைப் பெறும். அவகி இரண்டாவது கணினியின் பெயருக்குப் பின்னால் '-2' எனத் தானே சேர்த்துக்கொள்ளும். எது இரண்டாவது என்பது எது பின்னர் இயக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஆகவே நேற்று அச்சிட்ட கணினி இன்று வேறாக இருக்கலாம்.

பெயரை மாற்றுவதோடு இது தீராது. '/இடிசி/மெஷின்-ஐடி' கோப்பில் உள்ள 32 பதினறும இலக்க அடையாளமும் படியெடுக்கப்பட்டிருக்கும். சிஸ்டம்டியின் வலையமைப்புக் கூறு டிஎச்சிபி கோரிக்கையில் தன்னை அடையாளப்படுத்த இதையே அடிப்படையாகக் கொள்வதால், வன்பொருள் முகவரிகள் வேறாக இருந்தும் திசைவி இரண்டு கணினிகளுக்கும் ஒரே முகவரியைத் தரக்கூடும். படியெடுத்த கணினியில் அக்கோப்பை வெறுமையாக்கி, 'சிஸ்டம்டி-மெஷின்-ஐடி-செட்டப்' கட்டளையை இயக்கினால் புதிய அடையாளம் உருவாகும். '/வார்/லிப்/டிபஸ்' அடைவில் இதன் தனிப்படி இருந்தால் அதையும் நீக்கிய பின்னரே கட்டளையை இயக்க வேண்டும். இல்லையெனில் பழைய அடையாளமே திரும்பி வரும்.

பெயரும் தனியுரிமையும்

டிஎச்சிபி கோரிக்கையுடன் கணினிப் பெயரும் பொதுவாகத் திசைவிக்கு அனுப்பப்படுகிறது. அதன் அமைப்புப் பக்கத்தைத் திறப்பவர் இணைந்துள்ள எல்லாக் கணினிகளின் பெயர்களையும் காண்பர். அவகி இயங்கினால் அதே வலையமைப்பில் உள்ள யாரும் காணலாம். வீட்டில் இது பயனுள்ளது. தொழிற்பேட்டைப் பகுதிகளில் பணிபுரிவோர் தங்கும் விடுதிகளில் பலர் ஒரே வைஃபையைப் பகிர்வர். அங்கே ஒரு பெண்ணின் முழுப்பெயரையும் மடிக்கணினியின் வகையையும் சேர்த்து நிறுவி தானே பரிந்துரைத்த கணினிப் பெயர், அவர் அறையில் இருக்கும் நேரத்தையும் இல்லாத நேரத்தையும் பிறருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

உபுண்டு போன்றவற்றின் நிறுவிகள் பயனரின் பெயரிலிருந்தே கணினிப் பெயரைப் பரிந்துரைக்கின்றன. அதை ஏற்க வேண்டியதில்லை. ஊர், மலை, மரம் என எதையும் எழுதலாம். ஏற்கெனவே நிறுவியவர் மேற்சொன்னவாறு பெயரை மாற்றலாம். குறிப்பிட்ட வைஃபை இணைப்புக்கு மட்டும் பெயரை அனுப்பாதிருக்க, நெட்வொர்க்மேனேஜரின் 'என்எம்சிஎல்ஐ' கட்டளையில் 'டிஎச்சிபி-செண்ட்-ஹோஸ்ட்நேம்' என்ற பண்பை 'நோ' என அமைக்க வேண்டும். இப்பண்பு நான்காம், ஆறாம் பதிப்பு முகவரிகளுக்குத் தனித்தனியே உண்டு. இரண்டையும் மாற்ற வேண்டும். அவகி சேவையை நிறுத்துவது மூன்றாவது படி. வன்பொருள் முகவரிக்குப் பதிலாகத் தற்போக்கு முகவரியைப் பயன்படுத்தும் தெரிவும் அதே இணைப்பின் அமைப்பில் உள்ளது. ஆனால் அதைத் தெரிந்தால், திசைவியில் வன்பொருள் முகவரிக்கென ஒதுக்கி வைத்த நிலையான முகவரி அவ்விணைப்பில் கிடைக்காது.